மண்ணுக்கு அடியில் ஒரு சுவர்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் பழைய மாணவர்கள் சந்தேகம் கேட்டு வந்து நிற்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டிருக்கிறாய். அந்த அலுப்பில் பெருமைதான் தூக்கலாகத் தெரிகிறது! கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. நீலம் இப்போது பளிச்சென்று தெரியுமே? மஞ்சளடைந்த லென்ஸ் இத்தனை நாள் நீலத்தைத் தடுத்து வைத்திருந்திருக்கும். ஓவியர் மோனேயும் 1923இல் புரை எடுத்துக்கொண்டவர்தான். தன் தோட்டத்துக் குளத்து அல்லிகளைப் பெரிய பெரிய திரைகளில் வரைந்துகொண்டிருந்த காலம் அது.

சரி, என் கதைக்கு வருகிறேன். பொதுப் பூங்கா ஒன்றின் நீளமான மதில்சுவர் என் கைக்கு வந்திருக்கிறது. 'இயற்கையை வரையுங்கள்' என்றார்கள். மயில், தாமரை, பட்டாம்பூச்சி எல்லாம் பளபளவென்று வேண்டுமாம். எனக்கோ, நிஜ மரத்துக்குப் பின்னால் வரைந்த மரம் எதற்கு என்று தோன்றியது. ரோமுக்கு அருகே 1863இல் தோண்டி எடுத்த, பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியாவின் தோட்ட ஓவியம் நினைவிருக்கிறதா? நாலு சுவரிலும் மாதுளையும் சீமை மாதுளையும் பறவைகளுமாக, எல்லாப் பருவத்துப் பூவும் காயும் ஒரே நேரத்தில். ஆனால் அது பாதி நிலத்துக்குள் இறங்கிய அறை. வெளியே எட்டிப் பார்க்க வழியில்லாத இடத்தில் தோட்டத்தை வரைந்ததில் அர்த்தம் இருக்கிறது. திறந்தவெளியில் அதையே செய்தால் சுவர்தான் தோற்கும்.

என்ன வரைவது என்பதைக் கடைசியில் சுவரே முடிவு செய்தது. அடிப்பகுதியில் ஓதம். சாதாரண பெயிண்ட் பூசினால் பின்னால் நிற்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கட்டும், உப்புப் பூத்து உரியும். பூச்சுவேலை முடிந்த கையோடு வரையச் சொன்னார்கள், நான் மறுத்துவிட்டேன். புதுச் சிமெண்டின் காரம் அடங்க நாலு வாரமாவது வேண்டும். பிரஷ்யன் நீலத்தை அந்தக் காரம் தின்றே தீர்த்துவிடும். அதனால் சிலிக்கேட் சாயத்துக்குப் போய்விட்டேன். கைம் என்ற ஜெர்மானியர் 1878இல் காப்புரிமை பெற்ற வகை இது. மேலே தோலாகப் படியாமல் பூச்சோடு வேதியியலாகவே பிணைந்துகொள்ளும், சுவரையும் மூச்சுவிட விடும். காரம் தாங்கும் கனிம நிறங்கள்தான் இதற்கு ஆகும். காவி, மஞ்சட்காவி, கரும்பழுப்பு, குரோமியம் பச்சை, அப்புறம் அல்ட்ராமரின் நீலம். அவர்கள் கேட்ட பளபளப்பு ரோஜா நிறத்துக்கு இதில் இடமில்லை. மண் நிறங்களை வைத்துக்கொண்டு எதை வரைவது? மண்ணைத்தான்.

ஆக, பூங்காவின் நிலத்துக்கு அடியில் இருப்பதெல்லாம் சுவருக்கு ஏறுகிறது. மறுப்பு வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. ஒருவர் மட்டும், மேலே மரம் இருப்பது போலவே கீழே வேரும் கண்ணாடிப் பிம்பமாக ஆழமாகப் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். எல்லாப் படங்களிலும் அப்படித்தானே இருக்கிறது என்கிறார்! பெரும்பாலான மரங்களுக்கு வேர் முக்கால்வாசியும் மேல்மண்ணிலேயே, கிளைகளின் விரிவையும் தாண்டிப் பக்கவாட்டில்தான் ஓடும் என்று நீ ஒருமுறை எனக்கு விளக்கியதை அப்படியே ஒப்பித்தேன். உன் பெயரைச் சொல்லவில்லை, மன்னித்துக்கொள். எனக்கும் அதுதான் வசதி. நீளமான சுவர், படுத்து ஓடும் வேர்.

இப்போது கரிக்கோட்டில் ஒரு பகுதி முடிந்திருக்கிறது. குழந்தைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் சின்ன உயிர்களை ஒளித்து வைக்கிறேன். ஒரு வேரைக் கவ்விச் சாறு உறிஞ்சியபடி சிள்வண்டின் இளம்பூச்சி இருக்கிறது. மண்ணைத் தோண்ட அதன் முன்கால்கள் நண்டுக்கால் போலப் பருத்திருக்கும், அந்த வளைவைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வேர்களைச் சுற்றி ஓடும் பூஞ்சை இழைகளைச் சுண்ணாம்பு வெள்ளையில் கடைசியாக இழுப்பேன். கை நடுங்காத காலை வேளைக்கு அதை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

மாதிரி வரைபடம் இத்துடன் இருக்கிறது. வேர்த்தூவிகளை நுனியில் போடாமல் சற்றுப் பின்னால் தள்ளிப் போட்டிருக்கிறேன், நுனியில் வேர்மூடி மட்டும். மண்புழுவின் தடித்த பட்டை தலைப்பக்கம்தானே வரும்? புதுக் கண்ணால் பார்த்து, வழக்கம்போலச் சிவப்பு மையில் திருத்தி அனுப்பு. சாரம் கட்ட இன்னும் நாள் இருக்கிறது, அவசரமில்லை. சொட்டு மருந்தை மட்டும் மறக்காமல் போட்டுக்கொள்.

அன்புடன்,
உன் தோழி