பேட்ஜை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்: பழைய மசில் கார் வாங்கப் போகிறவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் மாதம் வுட்வர்ட் அவென்யூவில் டிரீம் குரூஸ் முடிந்த கையோடு எங்கள் பட்டறைக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "அண்ணே, 1970 செவெல் எஸ்.எஸ். ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நம்பர் எல்லாம் மேட்ச் ஆகுமாம். நாளைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார். என்ன செய்யலாம்?" டெட்ராய்ட்டைச் சுற்றி இருக்கும் நம்மவர்களில் பலருக்குக் கார் கம்பெனியில்தான் வேலை. இன்றைய காரின் உள்விவரம் அத்தனையும் அத்துப்படி. ஆனால் அரை நூற்றாண்டுக்கு முன் வந்த காரை வாங்குவது வேறு விஷயம். ஒவ்வொருவருக்கும் போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட ஒரு தடவை முழுசாக எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

முதலில் ஒன்று. அசலா, சாதாரணக் காரில் பாகங்களைப் பூட்டிச் செய்த நகலா (குளோனா) என்பதைக் காரின் அழகைப் பார்த்துச் சொல்லவே முடியாது. பெயிண்ட், பட்டைக்கோடு, பானட், பேட்ஜ், சீட் துணி எல்லாமே இன்று புதிதாகக் கிடைக்கின்றன. 1969 கமேரோவுக்கு முழு பாடியே புதிதாக வாங்கலாம். ஆகவே, "இந்தக் கம்பெனியின் இந்த ஆண்டுக் காரை அசல் என்று எது நிரூபிக்கும்?" என்பதை வீட்டிலேயே தெரிந்துகொண்டு, அப்புறம் காரைப் பார்க்கப் போங்கள். அந்தப் பதில் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனியில் ஆண்டுக்கு ஆண்டும் மாறும்.

ஏன் இப்படி என்றால், மசில் கார்களில் பெரும்பாலானவை தனி வண்டிகளாகப் பிறந்தவை அல்ல. சாதாரணக் குடும்பக் காரில் பெரிய எஞ்சினையும் சில பாகங்களையும் ஆப்ஷனாகச் சேர்த்து விற்றவை. 1964-இல் நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் (ஜி.எம்.) ஒரு விதி இருந்தது. அதன் பிரிவான பான்டியாக்கின் பொறியாளர்கள் 389 எஞ்சினை லீமான்ஸ் காருக்கு ஓர் ஆப்ஷன் தொகுப்பாகக் கொடுத்து அந்த விதியைத் தாண்டினார்கள். அதுதான் ஜி.டி.ஓ. ஆலையில் சாதாரணக் காரில் பாகங்களைப் பூட்டி ஜி.டி.ஓ. ஆக்கினார்கள் என்றால், அதையே இன்று யார் வேண்டுமானாலும் தன் கராஜில் செய்யலாம். குளோனுக்கு வழி பிறந்தது அங்கேதான்.

பான்டியாக்கைப் பொறுத்தவரை நல்ல செய்தி உண்டு. 1966-இல் ஜி.டி.ஓ. தனி மாடலானது. அந்த ஆண்டிலிருந்து 1971 வரை வின் எண் (காரின் தனி அடையாள எண்) 242 என்று தொடங்க வேண்டும். வேறு எண்ணில் தொடங்கினால் விற்பவர் என்ன கதை சொன்னாலும் அது ஜி.டி.ஓ. அல்ல, பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். 1964, 1965 கார்களுக்கு வின் எண் உதவாது. ஆனால் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற நிறுவனத்திடம் பழைய பில்லிங் பதிவுகள் இருக்கின்றன. கட்டணம் கட்டினால் உங்கள் காரின் பதிவு நகல் வரும், அதில் ஆப்ஷன்கள் இருக்கும். 1969-இல் வந்த 'ஜட்ஜ்' என்ற ஜி.டி.ஓ. வகைக்கும் இந்தக் காகிதம்தான் கதி. ஜட்ஜும் 242-தான், சாதாரண ஜி.டி.ஓ.வும் 242-தான். பின்னால் இறக்கையும் பக்கவாட்டில் கோடுகளும் போட்டவுடன் ஜட்ஜ் ஆகிவிடாது. அந்தப் பதிவு இல்லாமல் ஜட்ஜ் விலை கொடுக்காதீர்கள்.

உண்மையான சிக்கல் ஜி.எம்.-இன் இன்னொரு பிரிவான செவர்லேயில். நம்மவர்கள் அதிகம் ஆசைப்படுவதும் செவெல்தான், ஆகவே இதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

1966 முதல் 1968 வரை செவெலின் சக்தி கூடிய வகையான எஸ்.எஸ். 396-க்கு வின் எண் 138 என்று தொடங்கும். அதுவரை சுலபம். 1969-இல் எஸ்.எஸ். ஆப்ஷன் ஆகிவிட்டது. அதற்கப்புறம் சாதாரண செவெலான மாலிபு ஹார்ட்டாப்புக்கும் எஸ்.எஸ். ஹார்ட்டாப்புக்கும் 13637 என்று ஒரே தொடக்கம்தான். எட்டு சிலிண்டர் கார் என்பது மட்டும் அதிலிருந்து தெரியும். பாடியின் விவரம் குத்தியிருக்கும் டிரிம் தகடும் பெரும்பாலும் எஸ்.எஸ். என்று சொல்லாது. 450 குதிரைத்திறன் கொண்ட 454 கன அங்குல எல்.எஸ்.6 எஞ்சினோடு வந்த 1970-ஆம் ஆண்டுக் கார்தான் இன்று விலை உச்சத்தில் இருப்பது. அதே ஆண்டில்தான் வின் எண் வாயைத் திறக்க மறுக்கிறது. 1972-இல் வின் எண்ணுக்குள் எஞ்சின் எழுத்து வந்த பிறகுதான் நிலைமை கொஞ்சம் தெளிந்தது.

அப்படியானால் 1970 காரில் எதைப் பார்ப்பது? முதலில் எஞ்சின் பிளாக். பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், ஆல்டர்னேட்டர் மறைத்துக்கொண்டிருக்கும் இடத்தில், கட்டைவிரல் அகலத்தில் ஒரு தட்டையான பகுதி இருக்கும். அழுக்கைக் கரைப்பான் தொட்ட துணியால் மெதுவாகத் துடையுங்கள், சுரண்டவே கூடாது. டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். ஆலையில் பிளாக்கின் மேல்முகத்தைச் சீவியபோது விழுந்த மெல்லிய கோடுகள் முன்னிருந்து பின்னாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓட வேண்டும். எண்கள் அந்தக் கோடுகளின் மேல் குத்தப்பட்டிருக்க வேண்டும். கோடுகள் இல்லாமல் வழவழவென்றோ, வட்ட வட்டமாகத் தேய்த்த தடத்தோடோ இருந்தால், பழைய எண்ணை அழித்துப் புதிதாகக் குத்தியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் வர வேண்டும். சந்தேகம் என்றுதான் சொல்கிறேன். நேர்மையாக எஞ்சின் பிரித்து வேலை செய்தபோது மேல்முகத்தை மெஷினில் சீவியதில் எண் போன கார்களும் உண்டு. அப்படிப்பட்ட காரில் எண்ணே இருக்காது. கோடுகள் போய் எண் மட்டும் பளிச்சென்று இருப்பதுதான் விஷயம்.

அந்த இடத்தில் இரண்டு வகைக் குத்தல் இருக்கும். ஒன்று எஞ்சின் ஆலை குத்தியது: ஆலையின் எழுத்து, மாதம், நாள், எஞ்சின் வகையின் குறி. செவர்லேயின் பிக் பிளாக் (396, 454 போன்ற பெரிய எஞ்சின்) என்றால் நியூயார்க்கின் டோனவாண்டா ஆலையைக் குறிக்கும் 'டி' எழுத்தில் தொடங்கும். மற்றது காரைப் பூட்டிய ஆலை குத்தியது: ஆண்டின் இலக்கம், அந்த ஆலையின் எழுத்து, காரின் வரிசை எண். இரண்டும் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு கையால், வெவ்வேறு கருவியால் விழுந்தவை. எழுத்தின் உருவமும் ஆழமும் வேறுபடுவது இயல்பு. இரண்டும் ஒரே எழுத்துருவில், ஒரே ஆழத்தில், நேர்க்கோட்டில் அழகாக அமைந்திருந்தால் நான் பின்வாங்கிவிடுவேன்.

அடுத்து தேதிகள். பிளாக்கை வார்த்த தேதி இரும்பிலேயே எழும்பி நிற்கும்: மாதத்துக்கு ஓர் எழுத்து, அப்புறம் நாள், அப்புறம் ஆண்டின் கடைசி இலக்கம். 'பி 20 0' என்றால் 1970 பிப்ரவரி 20. எஞ்சினில் 0312 என்றிருந்தால் மார்ச் 12-இல் பூட்டியது. டிரிம் தகட்டில் '03 சி' என்றால் பாடி மார்ச் மூன்றாம் வாரம் ஆனது. இந்த மூன்றும் இந்த வரிசையில் வந்தால் கார் ஒத்துப்போகிறது. எஞ்சின் பூட்டிய தேதி பாடிக்குப் பின்னால் வந்தால், அந்த எஞ்சின் இந்தக் காரில் பிறந்தது அல்ல. கணக்கு அவ்வளவுதான், ஆனால் விளம்பரத்தைப் படிக்கும் அவசரத்தில் பலர் இதைச் செய்வதில்லை.

இங்கே "நம்பர் மேட்ச் ஆகும்" என்ற பேச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் இந்தக் காரோடு வந்தது என்பதை மட்டுமே அது காட்டும். 307 எஞ்சினோடு வந்த சாதாரண மாலிபுவுக்கும் நம்பர் மேட்ச் ஆகும். எஞ்சினில் குத்தியிருக்கும் வகைக்குறி எதைச் சொல்கிறது என்று கேளுங்கள்.

மற்ற அடையாளங்களையும் பாருங்கள், ஆனால் அதிலேயே நின்றுவிடாதீர்கள். 12 போல்ட் பின் ஆக்சில், முன் டிஸ்க் பிரேக், டேஷில் வட்ட மீட்டர்கள் எல்லாம் 1970 எஸ்.எஸ்.-இல் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏன் என்று கேட்கலாம். இருப்பதால் மட்டும் எதுவும் நிரூபணம் ஆகாது. வட்ட மீட்டர் டேஷ் அதே காலத்து மான்டே கார்லோவிலும் வந்தது, அங்கிருந்து கழற்றிப் பொருத்திய கார்கள் நிறைய. முன் ஃபெண்டரின் உள்பக்கத்தில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வேறு பேட்ஜ் இருந்த துளைகளை அடைத்து வெல்டு வைத்திருந்தால் வெளியே பெயிண்ட் மறைத்துவிடும், உள்ளே விரலுக்குத் தட்டுப்படும்.

கடைசியில் காகிதம்தான் பேசும். ஆலையில் காரோடு போன, பூட்ட வேண்டிய பாகங்களின் பட்டியலான பில்டு ஷீட் பெட்ரோல் டேங்கின் மேலோ, சீட் ஸ்பிரிங்குகளுக்குள்ளோ அகப்படும். செவர்லேயின் வாரண்டிப் புத்தகத்தில் ப்ரொடெக்ட்-ஓ-பிளேட் என்ற சிறு உலோகத் தகடு உண்டு, அதில் எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் குறிகள் பதிந்திருக்கும். இவை இரண்டையும் இன்று போலியாகச் செய்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே காகிதம் யாரிடமிருந்து எப்போது வந்தது என்று கேளுங்கள். முதல் உரிமையாளரின் காலத்துப் புகைப்படமும் பழைய சர்வீஸ் ரசீதுகளும் கூடவே இருந்தால் அந்தக் காகிதத்துக்கு எடை கூடும். கார் புதிதாகக் கனடாவில் விற்றதென்றால் நமக்கு அதிர்ஷ்டம். ஜி.எம். கனடா அங்கே விற்ற கார்களின் பதிவுகளை வைத்திருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வின்சரிலிருந்து வரும் செவெல்களை நான் முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கமேரோ வாங்குகிறவர்களுக்கு இரண்டு வரி. கமேரோவின் வேக வகைகளான எஸ்.எஸ்., இசட்/28 இரண்டையும் வின் எண் சொல்லாது. 123 என்று தொடங்கினால் அது ஆறு சிலிண்டர் கார், அந்த இரண்டில் எதுவாகவும் இருக்க முடியாது. ஒஹாயோவின் நார்வுட் ஆலையில் 1969 மாடலுக்கு ஒரு கட்டத்திலிருந்து டிரிம் தகட்டில் 'எக்ஸ்' குறி போட்டார்கள். எக்ஸ்33, எக்ஸ்77 இரண்டும் இசட்/28-க்கு உரியவை. ஆனால் டிரிம் தகடே போலியாகக் கிடைக்கும் பொருள்.

ஃபோர்டு பக்கம் மூச்சு விடலாம். மஸ்டாங்கின் வின் எண்ணில் ஐந்தாவது எழுத்தே எஞ்சினைச் சொல்லிவிடும். 1969, 1970-இல் இசட் என்றால் பாஸ் 429, ஜி என்றால் பாஸ் 302, ஆர் என்றால் ராம் ஏர் கொண்ட 428 கோப்ரா ஜெட். 1967 முதலான கார்களுக்கு ஃபோர்டின் உற்பத்திப் பதிவுகள் மார்ட்டி ஆட்டோ வொர்க்ஸிடம் இருக்கின்றன. மார்ட்டி ரிப்போர்ட்டை விற்பவர் எடுத்துத் தரட்டும் என்று காத்திருக்காதீர்கள், உங்கள் பெயரில் நீங்களே வாங்குங்கள்.

டாட்ஜ், பிளிமத் கார்களிலும் ஐந்தாவது இடத்தில் எஞ்சின் எழுத்து உண்டு. 1970, 1971-இல் 426 ஹெமி எஞ்சினுக்கு ஆர், 440 சிக்ஸ் பேக் எஞ்சினுக்கு வி. 1970-இல் ஜி என்றிருந்தால் 318 எஞ்சினோடு வந்த கார், அதில் இப்போது ஹெமி உட்கார்ந்திருந்தால் அது குளோன். இன்ஜின் அறையின் இடது ஃபெண்டரில் உள்ள தகட்டில் ஹெமிக்கு இ74 என்ற குறி இருக்க வேண்டும். வின் எண் இவ்வளவு தெளிவாகப் பேசுவதால்தான் இந்தக் கார்களில் மோசடி வேறு வழியில் வருகிறது. துருப்பிடித்து அழிந்த ஹெமி காரின் வின் தகட்டைக் கழற்றி, நல்ல பாடியுள்ள சாதாரணக் காரில் பொருத்திவிடுகிறார்கள். 1971 பிளிமத் ஹெமி குடா கன்வெர்ட்டிபிள் ஒன்று 2014-இல் சியாட்டிலில் நடந்த மீகம் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. அந்த அளவு பணம் புழங்கும் இடத்தில் இதற்கு ஆள் இல்லாமலா இருப்பார்கள்?

இது வெறும் ஏமாற்று அல்ல, கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். தெரியாமல் வாங்கிய உங்கள் காரையும் போலீஸ் பறிமுதல் செய்ய முடியும், கொடுத்த பணத்துக்கு நீங்கள்தான் அலைய வேண்டும். ஆகவே வின் தகட்டின் ரிவெட்டுகளை உற்றுப் பாருங்கள். 1960-களின் நடுவிலிருந்து ஜி.எம். கார்களில் ஆறு இதழ் பூ வடிவ ரிவெட் இருக்கும். கடையில் வாங்கிய சாதாரண ரிவெட், சுற்றிலும் கீறல், பெயிண்டில் உடைப்பு இருந்தால் நில்லுங்கள். 1968 முதல் வின் எண்ணின் ஒரு பகுதி உடலிலும் குத்தப்பட்டிருக்கும்: டாட்ஜ், பிளிமத்தில் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்திலும் டிக்கி விளிம்பிலும், கமேரோவில் ஃபயர்வாலில் ஹீட்டர் பெட்டிக்குப் பின்னாலும். விற்பவர் ஹீட்டர் பெட்டியைக் கழற்ற விடமாட்டார் என்பது தெரியும். உண்மையான விலை கேட்கிறவர் விட வேண்டும் என்பது என் கருத்து.

இவ்வளவும் படித்துவிட்டுக் குளோன் என்றாலே தீண்டக் கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். "இது மாலிபுவில் கட்டிய எஸ்.எஸ்." என்று வெளிப்படையாகச் சொல்லி, அதற்குரிய விலை கேட்பவரிடம் வாங்குவது நல்ல காரியம். மழை பெய்தாலும் ஓட்டலாம், பிரேக்கை நவீனமாக்கலாம், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வுட்வர்டில் போகலாம். அசல் எல்.எஸ்.6 வைத்திருப்பவர் அதை வெளியே எடுக்கவே பயப்படுகிறார். வார இறுதியில் ஓட்டத்தான் கார் வேண்டும் என்று வருகிறவர்களுக்கு நான் நல்ல குளோனையே சொல்கிறேன். டைட்டில் மாலிபு என்றே இருக்கட்டும், விற்பனைச் சீட்டில் 'குளோன்' என்று எழுதி வாங்குங்கள். நாளை நீங்கள் விற்கும்போதும் அதையே எழுதிக் கொடுங்கள்.

எங்களால் என்ன முடியும் என்பதையும் தெளிவாகச் சொல்கிறேன். நாங்கள் "அசல்" என்று சான்றிதழ் தருவதில்லை. நேரில் போய் எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில், பாடி எண்களைப் படம் எடுத்து, எது ஒத்துப்போகிறது, எது போகவில்லை, எதைப் பார்க்க விடவில்லை என்று எழுதித் தருவோம். விற்பவரிடம் நாங்கள் கமிஷன் வாங்குவதில்லை.

அழைக்கும் முன் விற்பவரிடம் ஐந்து படங்கள் கேட்டு வாங்கிவையுங்கள்: வின் தகடு ரிவெட்டோடு, டிரிம் தகடு அல்லது ஃபெண்டர் தகடு, எஞ்சினில் குத்திய எண், பிளாக்கின் வார்ப்புத் தேதி, டைட்டிலின் முன்பக்கம். இந்த ஐந்தையும் தயங்காமல் அனுப்புகிறவரின் காரைப் பார்க்க டொலீடோ வரைக்கும்கூட வருகிறோம். "நேரில் வந்தால் காட்டுகிறேன், முதலில் அட்வான்ஸ் போடுங்கள்" என்று சொன்னால், பணத்தை அனுப்பாமல் எங்களுக்கு ஒரு போன் போடுங்கள். சனிக்கிழமையும் பட்டறை திறந்திருக்கும்.

அன்புடன்,
உங்கள் பட்டறையிலிருந்து