மூக்கை விடச் சொல்லித் தராதீர்கள்: கோவை டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாஸ்டர்களுக்கும் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம். நான் கோவைக்கு வந்த மூன்றாவது வாரம் லாலி ரோடு ரவுண்டானாவில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காலை ஒன்பதேகால் மணி இருக்கும். வடவள்ளியிலிருந்து மருதமலை ரோடு வழியாக வந்து ரவுண்டானாவுக்குள் நுழைய வேண்டும். உள்ளே வண்டிகள் சுற்றிக்கொண்டிருந்தன. வலது பக்கத்திலிருந்து ஒரு டவுன் பஸ், அதை ஒட்டி நான்கைந்து டூவீலர். நான் நின்றேன். நின்ற நொடியே பின்னால் ஹார்ன். ஒன்று, இரண்டு, அப்புறம் விடாமல். என் இடப்பக்கமாக ஒரு கார் உரசுகிற மாதிரி ஒடித்துக்கொண்டு உள்ளே போனது, அதைத் தொடர்ந்து இன்னும் இரண்டு. பஸ் பிரேக் அடித்து நின்றது. அதோடு சுற்று முழுவதும் இறுகிவிட்டது.

எனக்கு நேர் பின்னால் நின்றது எல் போர்டு வைத்த வண்டி. மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "போங்க மேடம், இங்க நின்னா சாயங்காலம் வரைக்கும் யாரும் விடமாட்டாங்க. வண்டி மூக்கை உள்ள விடுங்க, அவங்களே நின்னுக்குவாங்க" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. புதிதாக வந்தவளுக்கு உதவி செய்கிற குரல்தான். அவர் பக்கத்தில் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு இருபது வயதுகூட ஆகாத ஒரு பெண் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவள் என்ன கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள் என்ற நினைப்பு என்னை விடவே இல்லை. போக்குவரத்துக் காவல்துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவது அதனால்தான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவள், மத்திய அரசு வேலை. இங்கே மாற்றலாகி வரும் முன் நான்கு வருடம் மிசோரம் தலைநகர் ஐஸ்வாலில் இருந்தேன். மலை முகட்டில் கட்டிய ஊர் அது. ரோடு குறுகல், ஏற்றம், வளைவு. நம் ஊர்ச் சந்து அளவுக்குத்தான் பல இடங்களில் அகலம் இருக்கும். நெரிசலும் உண்டு. சாயங்காலம் ஆபீஸ் விட்டால் அரை கிலோமீட்டருக்குக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஆனால் ஒரே வரிசையாக நிற்கும். அந்த வரிசைக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் டூவீலர்கள் தனி வரிசையாகப் போகும். எதிர்ப்பக்கம் காலியாகக் கிடந்தாலும் யாரும் அதில் ஏறி முந்த மாட்டார்கள். ஹார்ன் சத்தம் கேட்காது.

போன புதிதில், பழக்க தோஷத்தில், ஒரு ஏற்றத்தில் நின்றுகொண்டு இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டேன். முன்னால் நின்ற காரிலிருந்து வயதான ஒருவர் இறங்கி வந்து, வண்டியில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா என்று கேட்டார். அவருக்கு ஹார்ன் என்றால் ஆபத்து என்று அர்த்தம். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. தன்னைப் பின்னால் வைத்து அடுத்தவரை முன்னால் விடும் குணத்துக்கு மிசோ மொழியில் 'த்லோம்ஙைனா' என்று ஒரு சொல்லே இருக்கிறது. குழந்தையிலிருந்தே அதைச் சொல்லி வளர்க்கிறார்கள்.

ஐஸ்வாலையும் கோவையையும் ஒரே தட்டில் வைத்து எடை போட நான் வரவில்லை. கோவை பல மடங்கு பெரிய ஊர். மில், பவுண்டரி, காலேஜ், ஆஸ்பத்திரி என்று சுற்று மாவட்டத்து வண்டியெல்லாம் இங்கே வந்து சேருகிறது. ஷிப்டுக்கு ஓடுகிறவருக்கும் தனியார் பஸ்ஸில் டைமிங் பிடிக்க வேண்டிய டிரைவருக்கும் நிஜமான அவசரம் இருக்கிறது. அது எனக்குப் புரிகிறது. ஆனால் சிக்னலில் நிற்கும் நேரத்தைக் குறைக்கச் சில வருடங்களுக்கு முன் இந்த ஊரில் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானாவும் யு டர்னும் கொண்டுவந்தார்கள் அல்லவா? நல்ல ஏற்பாடு. அதே ஏற்பாடுதான் ஓட்டுகிறவர்களின் குணத்தை நம்பி நிற்கிறது. சிக்னலில் சிவப்பு விளக்கு நம்மை நிறுத்தும். ரவுண்டானாவில் நாமாகத்தான் நிற்க வேண்டும். நிற்கச் சொல்லிக் கொடுக்காமல் விளக்கை மட்டும் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை லாலி ரோட்டிலும் சுங்கம் ரவுண்டானாவிலும் தினமும் காலையில் பார்க்கிறோம்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். அதனால் ரவுண்டானாவுக்குள் இருக்கிற வண்டி எப்போதும் நம் வலப்பக்கத்திலிருந்துதான் வரும். உள்ளே இருக்கிறவருக்கே முன்னுரிமை என்று 2017 ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. இதை மரியாதைக்காக எழுதி வைக்கவில்லை. உள்ளே இருப்பவர் தடையில்லாமல் சுற்றி வெளியேறினால்தான் வெளியில் நிற்பவருக்கு இடம் கிடைக்கும். வெளியிலிருந்து வருகிறவர் மூக்கை நுழைத்தால் உள்ளே இருப்பவர் நிற்கிறார், அவருக்குப் பின்னால் வருகிறவர் நிற்கிறார், அந்த வரிசை அடுத்த ரோட்டின் வாயை அடைக்கிறது. அந்த ரோட்டில் வெளியேற வேண்டியவரும் மாட்டிக்கொள்கிறார். நாலு வண்டி நுழைந்த அவசரத்துக்கு நாற்பது வண்டி நிற்கிறது. நுழைந்த அந்த நாலும் உள்ளேதான் நிற்கின்றன.

யு டர்னிலும் இதே கதைதான். திரும்புகிறவர் நேராக வருகிற வண்டிக்கு விட வேண்டும். இங்கே மூன்று நான்கு வண்டி பக்கத்தில் பக்கத்தில் பிதுங்கி நின்று, நேர் ரோட்டையே மறித்துக்கொண்டு திரும்புகிறார்கள். அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தாகிவிட்டது. மேலே ஏறினால் அருமையாகப் போகலாம். இறங்கிக் கீழ் ரோட்டோடு சேரும் இடத்தில் ஒருவருக்கொருவர் விட வேண்டும். அங்கே திரும்பவும் அதே மூக்கு, அதே ஹார்ன்.

சரி, தனி ஆளாக ஒழுங்காக ஓட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு நாள் திருச்சி ரோட்டில் வரிக்குதிரைக் கோட்டில் ஒரு பாட்டி கையை நீட்டியபடி நின்றிருந்தார். கண்ணாடியில் பின்னால் பார்த்து, வேகத்தைக் குறைத்து நிறுத்தினேன். பாட்டி இறங்கி நடந்தார். அடுத்த நொடி பின்னால் வந்த பைக் என் வண்டியில் மோதியது. முழங்கால் சிராய்ந்துபோன அந்தப் பையன் கேட்டது, "ஏங்க்கா, இங்க எதுக்கு நிறுத்துனீங்க?" அவன் பொய்யாகக் கேட்கவில்லை. கார் அந்த இடத்தில் நிற்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதைவிடப் பயங்கரம், என் வலப்பக்கம் வந்த வேன் நிற்கவே இல்லை. பாட்டி என் காரின் மறைவிலிருந்து வெளியே வந்த இடத்தில் ஒரு முழ இடைவெளியில் அது கடந்து போனது. நான் நிற்காமல் போயிருந்தால் அந்த அம்மா ரோட்டில் இறங்கியே இருக்க மாட்டார். என் நல்ல எண்ணம் ஒரு உயிரை எடுக்கப் பார்த்தது. வீட்டுக்கு வந்து வெகுநேரம் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

எல்லோரும் மூக்கை விடுகிற ஊரில் ஒருத்தி மட்டும் நின்றால் அவளே ஆபத்தாகிவிடுகிறாள். இதைத்தான் வெளியூரிலிருந்து இங்கே குடிவந்தவர்கள் ஒவ்வொருவரும் ஆறு மாதத்தில் கற்றுக்கொள்கிறோம், கற்றுக்கொண்டு நாங்களும் மூக்கை விட ஆரம்பிக்கிறோம். என் கண் முன்னாலேயே அலுவலக நண்பர்கள் இருவர் அப்படி மாறிவிட்டார்கள். நானும் மாறிக்கொண்டு வருகிறேன் என்பதைச் சொல்லவே வேதனையாக இருக்கிறது.

இப்போது என் மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. எல்.எல்.ஆர். எடுத்து வீட்டுக்கு அருகில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்த்தேன். மாஸ்டர் பொறுமையானவர், குரலை உயர்த்தாதவர். அவள் பயப்படாமல் கிளட்ச்சை விடுவதற்கு அவர்தான் காரணம். இரண்டு நாள் பின்சீட்டில் நானும் உட்கார்ந்து போனேன். ஹாஃப் கிளட்ச் சொல்லிக் கொடுத்தார், ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னார், ரிவர்ஸில் எச் போடுவதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். அருமையாகச் சொல்லித் தருகிறார். அப்புறம் ரோட்டுக்கு வந்ததும், "ஹார்ன் அடிம்மா. திருப்பத்துல ஹார்ன். பைக்காரன் வர்றான், ஹார்ன். மூக்கை விடும்மா, நின்னுக்குவான்." ஒரு மணி நேரத்தில் 'கண்ணாடியைப் பார்' என்று இரண்டு தடவை சொன்னார். 'அவர் போகட்டும், நீ நில்' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 இல் 31 ஆம் விதி உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். சொந்த வண்டி ஓட்டக் கற்கிறவருக்கு 21 நாளுக்குக் குறையாத பயிற்சி, அதில் 10 மணி நேரத்துக்குக் குறையாமல் நிஜமாக ஓட்டுதல், அதோடு போக்குவரத்துக் கல்வி என்று தனிப் பாடம். என் மகளின் வகுப்பில் அந்தப் பாடம் சுவரில் மாட்டிய சின்னங்களின் அட்டையோடு முடிந்துவிட்டது. உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். வருகிறவர்கள் 'லைசென்ஸ் எப்போ கைக்கு வரும்?' என்றுதான் கேட்கிறார்கள். டெஸ்ட்டில் டூவீலருக்கு எட்டு, காருக்கு எச். எதற்கு மதிப்பெண்ணோ அதைத்தானே சொல்லிக் கொடுக்க முடியும்? பத்து மணி நேரம் போதாது என்பதும் உண்மை.

ஆனால் ஹெல்மெட் போடாதவரை கேமரா பிடிக்கும், சிவப்பில் தாண்டியவரையும் பிடிக்கும். ஆம்புலன்சுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று சட்டம் இருக்கிறது. விட்டுக்கொடுக்காதவரைத் தினமும் பிடிக்க எந்தக் கேமராவாலும் முடியாது. அது கையிலும் காலிலும் ஊறினால்தான் உண்டு. அது ஊறுகிற பருவத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நீங்கள் மட்டுமே. உங்கள் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கிறது.

இந்த ஊர்ப் பேச்சில் இருக்கிற மரியாதையை நான் வேறெங்கும் கேட்டதில்லை. காய்கறிக் கடையில், பஸ்ஸில், ஆபீஸில் 'ஏனுங்க', 'சொல்லுங்க', 'வாங்க கண்ணு' என்று கேட்டுக் கேட்டு இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது. கல்யாண வீட்டுப் பந்தியில் 'நீங்க முதல்ல உட்காருங்க' என்று ஒருவரை ஒருவர் தள்ளுகிறார்கள். விட்டுக்கொடுப்பது இங்கே யாருக்கும் புதிதில்லை. ரோட்டில் அதை எப்படிச் செய்வது என்று மட்டும் யாரும் காட்டித் தரவில்லை. பிரிட்டனில் இருக்கும் என் அண்ணன் மகன் போன வருடம் வந்திருந்தபோது எதிரே வந்த கார் ஹெட்லைட்டை அடித்ததும், தனக்கு வழிவிடுகிறார்கள் என்று நினைத்துத் திருப்பப் போனான். நான் கையைப் பிடித்து இழுக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. அவன் ஊர் வழக்கத்தில் அந்த விளக்குக்கு 'நீ போ' என்று அர்த்தம். இங்கே 'நான் வருகிறேன், ஒதுங்கு'.

என் வேண்டுகோள் சின்னது. அந்தப் பத்து மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை ரவுண்டானாவுக்கும் யு டர்னுக்கும் கொடுங்கள். 'வலது பக்கம் பார், வருகிறவர் போகட்டும்' என்று கிளட்ச், கியர் சொல்லித் தருகிற அதே குரலில் சொல்லுங்கள். ஹார்ன் அடி என்று சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் முதலில் பிரேக்கைச் சொல்லுங்கள். வரிக்குதிரைக் கோடு வருமுன்னே கண்ணாடி பார்த்து, மெதுவாகக் குறைத்து, பின்னால் வருகிறவருக்குத் தெரியும்படி நிறுத்தச் சொல்லிக் கொடுங்கள்.

நான் தனியாக நின்றால் ஆபத்து என்று சொன்னேன் அல்லவா? உங்கள் வண்டிக்கு அந்த ஆபத்து குறைவு. எல் போர்டைப் பார்த்தால் இந்த ஊரில் எல்லோரும் கொஞ்சம் தள்ளியே வருகிறார்கள். அது எப்போது வேண்டுமானாலும் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த ஊரில் நின்று வழிவிட்டாலும் யாரும் ஆச்சரியப்படாத ஒரே வண்டி உங்களுடையதுதான். தினமும் காலையில் எத்தனை எல் போர்டு வண்டிகள் ரோட்டில் இருக்கின்றன! அத்தனையும் ரவுண்டானா வாயில் நின்று, பார்த்து, உள்ளே இருப்பவரை விட்டுப் போனால் பின்னால் நிற்கிறவர்களும் சேர்ந்து நின்றுதான் ஆக வேண்டும்.

என் மகளுக்கு இன்னும் நாலு வகுப்பு பாக்கி இருக்கிறது. லாலி ரோட்டுக்கு ஒரு தடவை கூட்டிப் போங்கள் என்று அவள் மாஸ்டரிடம் கேட்டேன். "காலைல கூட்டமா இருக்குங்களே, மதியம் பார்க்கலாங்க" என்றார். இதை அவர் படிப்பார் என்று நம்புகிறேன். காலை ஒன்பது மணிக்கே போங்கள் மாஸ்டர், கூட்டம் இருக்கும்போதே. பின்னால் ஹார்ன் அடிப்பார்கள், அவள் பதறிப்போய் உங்கள் முகத்தைப் பார்ப்பாள். 'பரவாயில்லை, நில்லும்மா' என்று அப்போது சொல்லுங்கள்.

அன்புடன்,
வடவள்ளியில் குடியிருக்கும் ஒரு தாய்