பரண்ல இருக்கிற பிளாக்கை இறக்கி வை

டேய் நெட்டை,

பொங்கலுக்கு அப்புறம் ஒரு வரிகூட எழுதலை, ஒத்துக்கறேன். திட்டறதைக் கடைசியில வெச்சுக்க. அப்பாவோட புல்லட் சீஸ் ஆயிடுச்சுடா, இன்ஜின் உள்ளேயே இறுகிப்போச்சு.

சிலிண்டர் உள்சுவரைச் சீவி அகலமாக்கி (அதான் போர் போடறது), அதுக்குள்ள ஏறி இறங்கற பிஸ்டனைப் புதுசா மாட்டி மூணே நாள். பைபாஸ்ல கொஞ்சம் முறுக்கினேன். கீச்சுனு ஒரு சத்தம், பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கிச்சு. கிளட்ச்சைப் பிடிச்சதால பல்லு தப்பிச்சது. கழட்டிப் பார்த்தா, பூனை பிறாண்டின மாதிரி பிஸ்டன் மேல கோடு கோடா இழுத்திருக்கு. பட்டறைக்காரர் மேல தப்பில்லை. "பிஸ்டன் கொஞ்சம் லூசா இருக்கட்டும்"னு அவர் சொல்லச் சொல்ல, "சத்தமே வரக்கூடாது, டைட்டா வைங்க"ன்னு அடம்பிடிச்சவன் நான்தான். குண்டன்கிட்ட மூச்சு விடாதே.

அந்த வெட்கத்துலதான் அலுமினியப் பிஸ்டன் போட்டுப் பார்த்த பென்ட்லி கதையைத் தோண்ட ஆரம்பிச்சேன். சொந்தப் பேர்ல கார் செய்யறதுக்கு முன்னாடி டபிள்யூ. ஓ. பென்ட்லி லண்டன்ல டி.எஃப்.பி.ங்கிற பிரெஞ்சுக் கார் வித்துக்கிட்டிருந்தார். 1913ல அந்த ஆலைக்குப் போனப்போ ஒரு அலுமினியப் பேப்பர் வெயிட் கண்ணுல பட்டிருக்கு. நாமளா இருந்தா உருட்டிப் பார்த்துட்டு டீ கேட்டிருப்போம். மனுஷன் இதுல பிஸ்டன் வார்த்தா என்னன்னு யோசிச்சார். அலுமினியம் 88 பங்கு, செம்பு 12 பங்கு. வார்த்துத் தன் காருக்குள்ளேயே போட்டு ஓட்டிப் பார்த்தார்.

அலுமினியம் 660 டிகிரியில உருகும், உள்ள எரியற வாயு 2000 டிகிரியைத் தாண்டும். நியாயமாப் பார்த்தா பிஸ்டன் மெழுகா வழியணும். வழியலை. இரும்பு சூட்டைத் தலையிலேயே வெச்சுக்கும். அலுமினியம் ரிங் வழியா, சுவர் வழியா மளமளன்னு இறக்கிவிட்டுடும். அதனால கம்ப்ரஷனையும், அதான் வாயுவை அமுக்கற அளவையும், ஏத்த முடிஞ்சது. எடையும் குறைச்சல், வேகமும் கூடிச்சு.

ஆனா வீக்கம்தான் தலைவலி. அந்தக் கார் சிலிண்டரோட உள்விட்டமும் 70 மில்லிமீட்டர், நம்ம புல்லட்டும் 70! 200 டிகிரி சூடேறினா இரும்புப் பிஸ்டன் 0.15 மில்லிமீட்டர் வீங்கும், அலுமினியம் 0.32. அந்த இடத்தை முன்கூட்டியே விட்டாகணும். விட்டா, காலையில குளிர்ல கடகடன்னு அடிக்கும். விடலேன்னா என் கதைதான். நான் எரிச்சல்பட்ட அந்தச் சத்தம்தான்டா பிஸ்டனுக்கு மூச்சு விட இடம்.

1914ல ஐல் ஆஃப் மேன் தீவுல நடந்த டி.டி. (டூரிஸ்ட் டிராபி) கார் பந்தயத்துல ரெண்டு லிட்டர் காரை வெச்சுக்கிட்டு ஆறாவதா வந்தார். ரகசியத்தை யாருக்கும் சொல்லலை. முதல் உலகப் போர் வந்ததும் அவரே போய் பிரிட்டிஷ் கடற்படைகிட்டச் சொல்லிட்டார். அங்கிருந்து ரோல்ஸ் ராய்ஸ், சன்பீம் விமான இன்ஜின்களுக்குப் போச்சு. குண்டன் இன்னும் கார்புரேட்டர் செட்டிங்கையே சொல்லமாட்டேங்கறான்!

சரி, விஷயத்துக்கு வர்றேன். என் வண்டி சிலிண்டருக்கு இதுதான் கடைசியாப் போட்ட போர். இனி சீவ இரும்பு இல்லை. உள்ள புதுசா ஒரு குழாய் செருகி ஸ்லீவ் அடிக்கலாம்கறாங்க, எனக்கு மனசு ஒப்பலை. அப்பா போனப்புறம் அந்த வண்டிச் சத்தம் கேட்டாத்தான் அம்மா வாசலுக்கு வர்றாங்க. இப்போ ரெண்டு வாரமா வர்றதில்லை.

உன் பரண்ல கோணி சுத்தி ஒரு புல்லட் சிலிண்டர் பிளாக் கிடக்குமே, இருபது வருஷமா "தரமாட்டேன்"னு சொல்றியே, அதை இறக்கித் துடைச்சு வை. ஞாயிற்றுக்கிழமை வர்றேன். விலை பேசினே, உதை விழும்.

உன்,
வாத்து