ஏப்ரல் ஆட்டங்களையும் கொஞ்சம் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன ஒக்ரோபரில் உங்கள் பத்திரிகை ரொறன்ரோவின் பேஸ்போல் அணியான புளூ ஜேய்ஸுக்குப் படத்தோடு முழுப்பக்கம் கொடுத்தது. சந்தோஷம். ஆனால் அதற்கு முந்தின ஆறு மாதமும் நான் பார்த்தவரைக்கும் ஒரு வரிகூட வரவில்லை. மார்ச் கடைசியில் அடுத்த சீசன் தொடங்குகிறது, அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

"162 ஆட்டம் இருக்கு, முதல் முப்பதை ஆர் பார்ப்பான், செப்டெம்பரில் பார்ப்பம்" என்று ஸ்காபரோவில் எந்தக் கோப்பிக் கடையில் இருந்தாலும் கேட்கலாம். சொல்பவர்கள் விளையாட்டுத் தெரியாதவர்கள் இல்லை. உலகக் கிண்ணத்தின் முதல் சுற்றில் கோட்டைவிட்ட ஒரு ஆட்டம் அரையிறுதிக்குப் போகும் நேரத்தில் எப்படிக் கடிக்கும் என்று மணிக்கணக்கில் விளக்கக்கூடிய கிரிக்கெட் ஆட்கள்தான், பேஸ்போல் என்று வந்ததும் அந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

2025இல் என்ன நடந்தது என்று பாருங்கள். ரொறன்ரோ 94 வெற்றி, 68 தோல்வி. நியூயோர்க் யாங்கீஸும் அச்சொட்டாக 94, 68. இரண்டு அணியும் தங்களுக்குள் ஆடிய 13 ஆட்டத்தில் நாங்கள் எட்டை வென்றிருந்ததால்தான் பிரிவில் முதலிடம் எங்களுக்கு வந்தது. 2015க்குப் பிறகு முதல் தடவை.

அந்த எட்டில் முதலாவது ஏப்ரல் 25, வெள்ளிக்கிழமை இரவு, யாங்கீஸின் சொந்த மைதானத்தில். ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது நாங்கள் ஒரு ஓட்டம் பின்னுக்கு. கடைசி இன்னிங்ஸில் பந்து எறிந்து ஆட்டத்தை முடித்துக் கொடுக்க (இவரைத்தான் குளோசர் என்பார்கள்) வந்தவர் யாங்கீஸின் டெவின் வில்லியம்ஸ். எங்கள் அலெஹாண்ட்ரோ கிர்க், தெரியும்தானே, குட்டையான கட்டையான ஆள், ஓடச் சொன்னால் பார்க்கிற எங்களுக்கு மூச்சு வாங்கும், அவர் ஒரு டபுள் (ஒரே அடியில் இரண்டாவது தளம்வரை ஓடுவது) அடித்தார். இரண்டு பேர் ஓடி வந்து சேர்ந்தார்கள். கடைசியில் 4-2. வில்லியம்ஸை அவருடைய ஊர் ரசிகர்களே கூச்சல் போட்டு அனுப்பினார்கள், இரண்டு நாளில் குளோசர் வேலையும் கைவிட்டுப் போனது. சனிக்கிழமை மழை. ஞாயிறு இரண்டு ஆட்டம், இரண்டிலும் நாங்கள் நன்றாக வாங்கிக் கட்டினோம், அதனால் அந்த வெள்ளிக்கிழமையையும் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அந்த ஒரு ஆட்டம் மறுபக்கம் போயிருந்தால் அவர்களுக்கு 95, எங்களுக்கு 93. அவ்வளவுதான், முதலிடம் இல்லை. பட்டப் போட்டியின் முதல் சுற்றைத் தாண்டி நேரே உள்ளே போகிற சலுகையும் இல்லை. 90 வெற்றி மட்டுமே எடுத்த சியாட்டில் தன்னுடைய பிரிவில் முதல் என்பதால் எங்களுக்கு மேலே நின்றிருக்கும், ஏழு ஆட்டத் தொடரில் அவர்களை நாங்கள் சந்தித்திருந்தால் கடைசி ஏழாவது ஆட்டம் அங்கேதான் நடந்திருக்கும். ஒக்ரோபரில் சியாட்டிலோடு ஆடிய அந்த ஏழாவது ஆட்டத்தில், 3-1 என்று பின்னுக்கு நிற்கும்போது ஏழாவது இன்னிங்ஸில் எங்கள் ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் மூன்று ஓட்ட ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தாரே, ஊரே எழும்பி நின்றதே, அது எங்கள் கூரைக்குக் கீழே நடந்திருக்காது. அந்தத் தொடரின் முதல் இரண்டு ஆட்டத்தையும் சியாட்டில் இங்கே வந்துதானே வென்றது என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் கடைசி இரண்டும் இங்கேதான் நடந்தது, அந்த இரண்டையும் நாங்கள் வென்றோம். (அதற்குப் பிறகு நவம்பர் 1 இரவு இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் டொட்ஜர்ஸிடம் தோற்றதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.)

ஏப்ரலில் எடுத்த வெற்றி கடைசிவரை கணக்கில் நிற்கும். ஆனால் ஏப்ரலை வைத்து ஒரு ஆளுக்குத் தீர்ப்பு எழுதுவது வேறு விஷயம், அதை மட்டும் எங்கள் ஆட்கள் விடுவதில்லை. போன வருடம் அந்திரேஸ் கிமெனெஸ் முதல் கிழமைக்குள்ளேயே மூன்று ஹோம் ரன் அடித்தார், பலமாக அடிப்பவர்களுக்கான நாலாவது இடத்தில் அடிக்க விட்டார்கள், எல்லோரும் புதையல் கிடைத்தது என்று துள்ளினார்கள். சீசன் முடியும்போது மொத்தமே ஏழு. ஸ்பிரிங்கரை எடுங்கள், 2024இல் அடிக்கும் சராசரி .220, மார்ச் பயிற்சி ஆட்டங்களிலும் ஒன்றும் சரிவரவில்லை, "இவருக்கு வயது போயிற்று, பேசாமல் அனுப்புங்கள்" என்றவர்கள் எத்தனை பேர். முடிவில் .309, 32 ஹோம் ரன். இந்த முறை ஜப்பானிலிருந்து ஒகமோட்டோ என்ற அடிகாரர் வருகிறார். முதல் இரண்டு கிழமை பந்து படாவிட்டால் காசைக் கரைத்துவிட்டார்கள் என்று கத்தத் தொடங்குவார்கள், இதை இப்போதே எழுதி வையுங்கள்.

அணி முழுவதற்கும் இதே கதைதான். போன வருடம் முதல் நாளே பால்டிமோர் வந்து 12-2 என்று அடித்து நொருக்கியது, ஆறு ஹோம் ரன். அதில் ஒன்றை அடித்த டைலர் ஓ'நீல் எங்கள் பிரிட்டிஷ் கொலம்பியாக்காரர், தொடர்ந்து ஆறாவது வருடமாக முதல் நாள் ஆட்டத்தில் ஹோம் ரன், அதையும் எங்களுக்கு எதிராகத்தானா அடிக்கவேண்டும்! அடுத்தடுத்த நாட்களில் பந்து எறிகிற எங்கள் மாக்ஸ் ஷெர்சரும் கைப் பெருவிரல் நோவோடு வெளியே போனார். முந்தின வருடம் 74 வெற்றியோடு கடைசி இடத்தில் கிடந்த அணி, இதையும் பார்த்தால் யாருக்குத்தான் நம்பிக்கை வரும்? மே கடைசிக் கிழமையில் ஒரு கட்டத்தில்கூட 26 வெற்றி, 28 தோல்வி என்றுதான் நின்றது.

இன்னொன்று. ஏப்ரலில் எங்கள் அணியின் மைதானமான ரொஜர்ஸ் சென்டருக்குப் போவது தனிச் சுகம். வெளியே குளிர், மேலே கூரை மூடியிருக்கும், பல இருக்கை காலி, அந்த அமைதியில் பந்து கையுறைக்குள் விழும் சத்தம் மேல் தட்டுவரைக்கும் கேட்கும். 2025இல் செவ்வாய்க்கிழமை என்றால் ஒரு டொலருக்கு ஹொட் டோக் இருந்தது. எத்தனை விற்றுவிட்டது என்று பெரிய திரையில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது, பிள்ளைகள் ஆட்டத்தை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்தார்கள். ஒக்ரோபரில் ஒரு குடும்பம் உள்ளே போகிற காசுக்கு ஏப்ரலில் எத்தனையோ தடவை போய்வரலாம். பக்கத்தில் இடம் காலியாக இருப்பதால், எந்த எறி 'ஸ்ட்ரைக்', எந்த எறி 'போல்' (ball) என்று அம்மம்மாவுக்கு ஆறுதலாக விளக்கவும் முடியும்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வாராவாரம் கால் பக்கம் போதும். எத்தனை வென்றார்கள், எத்தனை தோற்றார்கள், யார் நன்றாக எறிந்தார், யாருக்கு நோவு, அடுத்த கிழமை யார் வருகிறார்கள். அரசியல் பக்கத்தைக் கொஞ்சம் சுருக்கினால் இடம் வரும், அதில் போன கிழமை வந்ததுதானே இந்தக் கிழமையும் வருகிறது. எழுத ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். நானே எழுதித் தருகிறேன், காசு வேண்டாம், செவ்வாய்க்கிழமை ஆட்டம் ஒன்றுக்கு டிக்கெட் எடுத்துத் தந்தால் சரி, ஹொட் டோக் என் செலவு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்காபரோ