பெரிய சார் படிப்பகம்: திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் ஆசிரியர் பெரிய சாரின் நினைவாக நாம் எடுத்துக் கட்டிய படிப்பகத்தின் வேலை முடிந்து, சாவியும் கமிட்டியின் கையைவிட்டுப் போய்விட்டது. வரவு செலவுக் கணக்கு முழுவதும் ரசீதுகளோடு படிப்பகத்து மேசைமேல் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். ஆனால் சென்ற பொதுக்குழுவில் எழுந்த கேள்விகளுக்குக் கணக்கு மட்டும் பதில் சொல்லிவிடாது. மதிப்பீட்டைவிடச் செலவு ஐந்தில் ஒரு பங்கு கூடியது எப்படி, கான்கிரீட் தளம் போடாமல் ஓடு போட்டது ஏன், ஒப்பந்தக்காரரைப் பாதியில் நிறுத்தியது யாருடைய முடிவு, கொடுத்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டாமல் விட்டது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். செயலாளர் என்ற முறையில் இவற்றுக்கு எழுத்தில் பதில் தரக் கடமைப்பட்டிருக்கிறேன்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் தெற்குப் பக்கத்து அயினிமரம் பழைய படிப்பகத்தின்மேல் விழுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்து கிடக்க, அவரவர் வீட்டையும் தோட்டமான விளையையும் பார்க்கவே நேரமில்லாமல் இருந்தபோது, பணி ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்த பெரிய சார் மறுநாள் காலையில் தனியாக வந்து, நனைந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தம் வீட்டுத் திண்ணையில் பாய் விரித்துக் காயவைத்தார். அந்தப் புத்தகங்கள் அவர் மறையும் வரையில் அந்த வீட்டிலேயே இருந்தன. அவருக்கு மார்பளவுச் சிலை வைக்க வேண்டும், மயிலாடியில் நல்ல சிற்பிகள் இருக்கிறார்கள் என்று சிலர் அன்போடு சொன்னதை கமிட்டி மதிக்கிறது. இருந்தும், அவர் திண்ணையில் காத்திருந்த புத்தகங்களுக்கு ஒரு கூரை போடுவதே முதல் வேலை என்று முடிவு செய்தோம். அந்த முடிவைப் பற்றி எனக்கு இன்றும் மறுயோசனை இல்லை.

வானம் தோண்டியது, கருங்கல் அடித்தளம் கட்டியது, சுவர் எழுப்பியது, பூசியது, தரை போட்டது, மின்சாரம் இழுத்தது, கிணற்றுக்கு மூடி போட்டது, பின்புறம் கழிப்பறை கட்டியது ஆகிய வேலைகள் ஒப்பந்தப்படியே நடந்தன. அவற்றில் குறையில்லை. கட்டடத்துக்கு மூலைமட்டம் பார்த்த அன்று, கயிற்றில் மூன்று, நான்கு, ஐந்து என்று அளந்து முடிச்சுப் போட்டுச் செங்கோணம் பிடித்தது, எட்டாம் வகுப்பில் சார் எங்களை வயல் வரப்புக்கு அழைத்துப்போய்க் கற்றுத் தந்த அதே முறையில்தான் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். கயிறு பிடித்த நால்வரும் அவருடைய மாணவர்கள்.

இனி கூரை விவகாரம். படிப்பகத்தின் உள்ளளவு நீளம் 30 அடி, அகலம் 18 அடி. கான்கிரீட் தளம் போட்டிருந்தால் தொல்லை இருந்திருக்காது என்று சொல்கிறவர்கள், சித்திரை வெயிலில் அதன் கீழே பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க முடியுமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தகரம் போட்டால் செலவு குறையும் என்றார்கள். தென்மேற்குப் பருவமான இடவப்பாதி மழை தகரத்தில் இறங்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. சார் எங்களுக்குப் பாடம் நடத்தியது ஓட்டுக் கூரையின் கீழே. மழை வலுத்தால் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டுக் கதை சொல்வார். அவர் குரல் மழைக்கு மேலே கேட்டது. ஆகவே அயினிமரக் கழுக்கோலும் (முகட்டிலிருந்து சுவருக்குச் சாய்ந்து இறங்கும் சட்டம்) ஓடும் என்று கமிட்டி ஒருமனதாகத் தீர்மானித்தது. தீர்மானப் புத்தகத்தில் எல்லாருடைய கையெழுத்தும் இருக்கிறது.

பழைய கூரை இரண்டடிக்கு ஓரடி என்ற சாய்வில் நின்றது. அதே சாய்வு வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தோம். அதன்படி, அகலத்தில் பாதியான ஒன்பதடிக்கு, உத்திரத்திலிருந்து முகடு நாலரை அடி உயர்ந்திருக்க வேண்டும். ஒப்பந்தக்காரரோ மூன்றடிக்கு ஓரடி என்று சாய்வைக் குறைத்து, முகட்டை மூன்றடியில் நிறுத்திவிட்டார். இதனால் அவருக்கு மிச்சமானது கழுக்கோல் ஒன்றுக்கு அரையடிக்குச் சற்றே கூடுதலான மரமும், இரண்டு பக்கத்து முக்கோணச் சுவரில் ஒன்றரை அடி உயரக் கட்டு வேலையும் மட்டுமே. கழுக்கோல் மரமும் ஆறப்போட்ட மரம் இல்லை. ஈரம் உலராமல் அறுத்த மரம். அது காயக் காய முறுக்கியது. ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான பட்டியல்கள் இடம் பெயர்ந்தன. ஒன்றோடொன்று கொளுவி நிற்க வேண்டிய ஓடுகள் விலகின.

கூரை வேலை நடந்த நான்கு நாட்களும் நான் மின்இணைப்புக்காக நாகர்கோவிலுக்கு அலைந்துகொண்டிருந்தேன். கமிட்டியில் வேறு ஒருவரும் கூரைமேல் ஏறி அளந்து பார்க்கவில்லை. இது எங்கள் தவறு. அதைப் பொதுக்குழுவிலும் ஒப்புக்கொண்டேன், இங்கும் ஒப்புக்கொள்கிறேன். மேற்கிலிருந்து காற்றோடு அடித்த முதல் மழையிலேயே தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறி, வடக்குச் சுவர் அலமாரி வரையில் வந்துவிட்டது. புத்தகங்கள் அப்போது அங்கே வைக்கப்படாதது நம் நல்ல காலம். அன்று மாலையே குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்து, நூல் கட்டி அளந்தபோதுதான் முகடு தாழ்ந்திருப்பது தெரிந்தது. ஒப்பந்தக்காரரை அழைத்துக் கேட்டோம். ஒன்றரை அடியில் என்ன வந்துவிடப் போகிறது என்றும், ஓட்டுக்கு இடையில் சிமென்ட் பூசித் தருவதாகவும் சொன்னார். அந்தப் பூச்சு அடுத்த வெயிலில் வெடிக்கும், அதற்கடுத்த மழையில் ஒழுகும். மூன்று முறை பேசியும் கூரையைப் பிரித்து மறுபடி மேய மறுத்தார். நான்காவது முறை அவர் வரவே இல்லை.

அவரை நிறுத்திய முடிவு கமிட்டியுடையது. அதை எழுதிய கை என்னுடையது. வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். வழக்கு முடியும்வரை கட்டடம் சரியான கூரையில்லாமல் நிற்க வேண்டியிருந்திருக்கும். அவருடைய கொத்தனார்களுக்கும் கையாட்களுக்கும் இரண்டு வாரக் கூலி பாக்கி இருந்தது. அதை நாம் நேரடியாகக் கொடுத்ததைச் சிலர் இரட்டைச் செலவு என்கிறார்கள். அது இரட்டைச் செலவு இல்லை. ஒப்பந்தக்காரருக்குச் சேரவேண்டிய தொகையிலிருந்து கழிக்கப்பட்டது. அதற்கான ரசீதுகளும் கோப்பில் உள்ளன. அவ்வாறு கழிக்காமல் இருந்திருந்தாலும் கொடுக்கத்தான் வேண்டும் என்பதே என் கருத்து. அந்தக் கையாட்களில் மூவரின் பிள்ளைகள் இப்போது மாலையில் இந்தப் படிப்பகத்துக்குத்தான் வருகிறார்கள்.

பிறகு கூரையை முழுவதும் பிரித்து, முகட்டை நாலரை அடிக்கு உயர்த்தி, இரண்டு ஆண்டு ஆறப்போட்ட அயினிமரம் தேடி வாங்கி, நம் ஊர் ஆசாரி அண்ணனின் மேற்பார்வையில் நாட்கூலிக்கு வேலை நடந்தது. செலவு கூடியதில் பெரும்பங்கு இங்கேதான். அந்த மரத்தில் ஒரு பகுதி என் மைத்துனரின் மில்லில் அறுக்கப்பட்டதைச் சுட்டிக்காட்டி எழுத்து மூலம் கேட்டவர்களுக்கு: ஆம், அங்கேதான் அறுத்தோம். அறுப்புக் கூலி வாங்கவில்லை. மரம் மார்த்தாண்டத்தில் வாங்கப்பட்டது. விலைச் சீட்டு கணக்கில் இருக்கிறது. இந்தக் கேள்வி என்னை வருத்தியது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் கேட்டது முறைதான். கூரைக்குப் பிறகு ஒரு முழு மழைக்காலம் கடந்திருக்கிறது. ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை.

கல்வெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லில் "பெரிய சார் படிப்பகம்" என்ற இரண்டு வரியைத் தவிர வேறொன்றும் இல்லை. முழுப் பெயரும் பட்டமும் பதவியும் வேண்டும் என்று கேட்டவர்கள், அவருடைய துணைவியாரிடம் பேசினால் நல்லது. அவர்தான் எங்களிடம், ஊரில் எல்லாரும் அழைத்த பெயரே போதும், கொடுத்தவர்கள் பெயரையும் பெரிது சிறிது என்று வரிசைப்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சாரின் வழக்கமும் அதுதான். முந்திரிப்பருப்பு ஆலையான அண்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்விட்ட பெண்பிள்ளைகளைத் தேடி வீட்டு முற்றத்தில் போய் நின்று, தாய்மாரிடம் பேசி மீண்டும் வகுப்புக்கு அழைத்து வருவார். எந்தப் பிள்ளைக்கு யார் நோட்டும் புத்தகமும் வாங்கிக் கொடுத்தார் என்று ஒருநாளும் வெளியே சொன்னதில்லை. பலருக்கு வாங்கிக் கொடுத்தது அவரே என்பது, அவர் மறைந்தபின் கடைக்காரர் சொல்லித்தான் அவர் வீட்டாருக்கே தெரிந்தது.

ஆகவே பெயர் எழுதாமல் நன்றி சொல்கிறேன். ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே அனுப்பிய கத்தாரிலும் ஓமானிலும் இருக்கும் தம்பிகள், தோவாளைப் பூச்சந்தையில் கடை வைத்திருக்கும் அக்கா, குளச்சலிலிருந்து மின்விசிறிகள் வாங்கி வண்டியோடு வந்திறங்கிய படகுக்கார அண்ணன், சாரிடம் கணக்கில் தோற்று ஒரே வகுப்பில் இரண்டு ஆண்டு இருந்ததாகச் சொல்லிச் சிமென்ட் மூட்டைகள் தந்த தக்கலை வியாபாரி, பத்து மூடு தென்னையின் ஓராண்டுக் காய்ப்பைக் கொடுத்த பாட்டி, ரப்பர் பால் வெட்டும் அண்ணன்மார், குலசேகரத்திலிருந்து பிலா மரத்தில் மேசை செய்து கொண்டுவந்தவர், மேசைக்கு ஏற்ற நாற்காலிகள் தந்த சாரின் மூத்த மருமகன், அலமாரிகள் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், எல்லாருக்கும் மேலாக, அண்டி ஆபீசில் ஒருநாள் கூலியைச் சேர்த்து ஒரு துணிப்பையில் முடிந்து கொடுத்த பெண்கள். அந்தப் பையில் இருந்த சில்லறையை எண்ணிய இரவில் கமிட்டியில் ஒருவரும் பேசவில்லை.

சாரைத் தெரியாத இளையவர்களுக்காகச் சில வரிகள். நம் நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, தமிழ்நாடான அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்த 1956 நவம்பர் 1 அன்று அவர் பள்ளிப் பிள்ளை. மலையாளமும் தமிழும் ஒருசேரக் கற்றவர். கடைசிவரை இரண்டு மொழிப் பத்திரிகையும் வாசித்தார். விடியுமுன் எழுந்து தம் விளையில் தாமே பால் வெட்டி, ஷீட் அடித்துக் காயப்போட்டுவிட்டு, குளித்துப் பள்ளிக்கு வருவார். வாய்க்காலான சானல் நிரம்பி ஓடும் நாட்களில் தடிப்பாலத்தின் இக்கரையில் நின்று, கடைசிப் பிள்ளை கடந்த பிறகே வீட்டுக்குப் போவார். நனைந்து வரும் பிள்ளைகளின் தலை துவட்ட அவர் அலமாரியில் எப்போதும் இரண்டு தோர்த்துத் துண்டு இருக்கும். வீட்டிலும் அவர் அப்படித்தான். துணைவியார் நெடுநாள் நோயாய்க் கிடந்தபோது கஞ்சி வைத்து, மரச்சீனிக் கிழங்கு அவித்து, இரண்டு பெண்மக்களுக்கும் தலைபின்னி அனுப்பியது அவர்தான். சின்ன மகளுக்குப் பின்னல் கோணலாக இருக்கும். அதை வகுப்பில் யாரும் கேலி செய்ததாக எனக்கு நினைவில்லை.

நிலுவையில் இரண்டு செய்திகள் உள்ளன. மேற்குப் பக்கத்தில் கூரை ஓரத்து நீரை ஏந்தும் மழைநீர்ப் பாத்தி இன்னும் பொருத்தப்படவில்லை. அதற்கான தொகை ஒதுக்கப்பட்டுள்ளது. ஒப்பந்தக்காரருக்குத் தராமல் நிறுத்திவைத்த கடைசித் தவணை, கூலியும் மறுவேலைச் செலவில் அவர் பங்கும் போக எஞ்சியது, வங்கியில் தனியே இருக்கிறது. அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பொதுக்குழுவே தீர்மானிக்கட்டும். அவர் சுவரை ஒழுங்காகத்தான் கட்டினார் என்பதையும் தீர்மானிக்கும் முன் கணக்கில் கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

சாவி இப்போது சாரின் சின்ன மகளிடம் இருக்கிறது. அவர் பள்ளி விட்டு வந்ததும் நாலரை மணிக்குத் திறக்கிறார். திண்ணையில் காய்ந்த புத்தகங்கள் வடக்குச் சுவர் அலமாரியில், நீர்க்கறையோடு, முதல் தட்டில் இருக்கின்றன.

இப்படிக்கு,
செயலாளர், திருப்பணிக் கமிட்டி