குருத்துக் கலக் குறிகாட்டிகளும் நோயாளியின் ஆயுளும்

பத்திராதிபர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் மருத்துவப் பகுதியில் அண்மையில் வெளிவந்த, பெருங்குடல் புற்றுநோயின் குருத்துக் கலங்கள் (கட்டியைத் தோற்றுவித்து வளர்க்க வல்லவை எனக் கருதப்படும் கலங்கள்) பற்றிய கட்டுரை தொடர்பாக இதனை எழுதுகிறேன். இத்தகைய ஆய்வுகளைத் தமிழில் தர எடுத்த முயற்சி பாராட்டுக்குரியது. எனினும், அக்கலங்களை அடையாளங்காட்டுவதாகக் கருதப்படும் 'சிடி133' என்னும் குறிகாட்டிப் புரதம் கட்டியில் கூடுதலாகக் காணப்பட்டால் நோயாளியின் நாட்கள் குறைவு என்று அக்கட்டுரை முடித்திருந்த விதம், ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிய நோயுடன் வாழ்பவர்களையும் அவர்களது வீட்டாரையும் வீண் கலக்கத்துக்கும் செலவுக்கும் உள்ளாக்கக்கூடியது. வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், அந்தப் பரிசோதனையை இந்தியாவில் செய்விக்க வழி உண்டா என்று இப்போதே விசாரிக்கத் தொடங்கிவிட்டது.

2007ஆம் ஆண்டு டொரொன்டோவிலும் ரோமிலும் இரு ஆய்வுக் குழுக்கள், மனிதப் பெருங்குடல் கட்டிகளிலிருந்து சிடி133 புரதத்தை மேற்பரப்பில் கொண்ட கலங்களைப் பிரித்தெடுத்து, நோயெதிர்ப்புச் சக்தி குன்றிய எலிகளில் செலுத்தியபோது அவை புதிய கட்டிகளைத் தோற்றுவித்தன. அப்புரதம் இல்லாத கலங்கள் தோற்றுவிக்கவில்லை. கட்டுரையாளர் இத்துடன் நின்றுவிட்டார். மறு ஆண்டிலேயே நியூயோர்க் ஆய்வாளர்கள், ஈரலுக்குப் பரவிய கட்டிகளிலிருந்து எடுத்த கலங்களில் அப்புரதம் உள்ளவை, இல்லாதவை ஆகிய இரண்டுமே கட்டியை உண்டாக்கின என்றும், இல்லாதவையே கூடுதல் மூர்க்கத்துடன் வளர்ந்தன என்றும் காட்டினர். பரவிய நோயைப் பற்றி எழுதுபவர் இதனை விட்டுவிட முடியாது.

ஆய்வுகூடத்தில் நெடுங்காலம் திசுத் துண்டுகளுக்குச் சாயமேற்றி வந்தவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்பரிசோதனைக்குப் பயன்படும் பிறபொருளெதிரிகளுள் (குறித்த புரதத்தைப் பற்றிக்கொண்டு, அது இருக்கும் இடத்தைச் சாயத்தால் காட்ட உதவுபவை) சில, புரதத்தோடு வெல்லக் கூறுகள் இணைந்திருக்கும் நிலையைப் பொறுத்தே அதனைப் பற்றுகின்றன. ஆகவே கலம் முதிர்ந்து மாறும்போது, புரதம் அங்கேயே இருந்தும் சாயம் ஏறாமற் போகலாம். எத்தனை சதவீதக் கலங்களில் சாயம் ஏறினால் 'கூடுதல்' எனக் கொள்வது என்பதும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கையில் சிடி133 மிகுந்த கட்டிகளில் ஆயுள் குறையும் போக்குத் தென்படுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கூட்டத்தின் சராசரியைக் கொண்டு தனியொருவரின் ஆயுளைச் சொல்வது சோதிடருக்கு மட்டுமே இயலும்.

குருத்துக் கலம் என்பது மாறாத ஓர் இனமும் அன்று. 2017ஆம் ஆண்டு வெளிவந்த எலி ஆய்வொன்றில், 'எல்ஜிஆர்5' என்னும் மற்றொரு குருத்துக் கலக் குறிகாட்டியுள்ள கலங்களை அழித்தபோதும் குடலிலிருந்த முதற்கட்டி சுருங்கவில்லை. ஏனைய கலங்கள் அதனைத் தாங்கின, அழிப்பு நின்றதும் அவற்றிலிருந்தே எல்ஜிஆர்5 கலங்கள் மீண்டும் தோன்றின. ஈரலில் பரவிய கட்டிகளோ அக்கலங்களை நம்பியே நிலைத்தன. எதிர்கால மருந்துகளுக்கு இது மிகப் பெறுமதியான அறிவு. ஆயினும் இன்று நோயாளியின் கையில் கொடுக்கத்தக்க அறிக்கையாக அது மாறிவிடவில்லை. பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்கான சர்வதேச வழிகாட்டல்களும் இக்குறிகாட்டிகளை வழமையான பரிசோதனையாகப் பரிந்துரைப்பதில்லை.

அவை பரிந்துரைப்பவை வேறு. கட்டியின் ராஸ் எனப்படும் பரம்பரையலகுகளில், அதாவது மரபணுக்களில், பிறழ்வு இருந்தால் (பரவிய நோயாளிகளுள் ஏறத்தாழ அரைவாசிப் பேரில் அது உண்டு) செடுக்சிமாப், பனிடுமுமாப் ஆகிய விலையுயர்ந்த மருந்துகளால் பொதுவாகப் பயனில்லை. பிராஃப் பரம்பரையலகின் குறித்த ஒரு பிறழ்வு, 10 சதவீதத்துக்கும் குறைவானோரிலேயே காணப்பட்டாலும், நோயின் கடுமையை முன்னறிவிக்கிறது. டிஎன்ஏ பழுதுநீக்கும் புரதங்கள் குறைபட்ட கட்டி 20 பேரில் ஒருவருக்கு இருக்கலாம். 2020ஆம் ஆண்டு வெளியான பரிசோதனையில், அத்தகையோருக்கு பெம்புரோலிசுமாப் மருந்து நோய் முற்றாதிருக்கும் காலத்தை, வழமையான கீமோ சிகிச்சையில் கிடைத்த 8 மாதங்களிலிருந்து 16 மாதங்களாக உயர்த்தியது. அக்குறைபாடு பரம்பரையானதாயின் பிள்ளைகளும் சகோதரர்களும் முற்கூட்டியே பரிசோதிக்கப்பட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஈரலில் மட்டும் பரவியுள்ள கட்டிகளைச் சத்திரசிகிச்சையால் முழுமையாக அகற்ற முடியுமா என்ற கேள்வியே பலருடைய ஆயுளைத் தீர்மானிக்கிறது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

எனவே, புற்றுநோய் வைத்திய நிபுணர் ஒருவரின் விளக்கத்தை அதே பகுதியில் வெளியிடுமாறு வேண்டுகிறேன். அதில் ஒரு நடைமுறைக் குறிப்பும் இடம்பெற்றால் நன்று: பயொப்சியில் கிடைத்து மெழுகுக் கட்டியாகப் பேணப்படும் திசு பெரும்பாலும் மிகச் சிறியது, சிகிச்சையை மாற்றாத பரிசோதனைகளுக்கு அதனை வெட்டித் தீர்த்துவிட்டால், ராஸ் முதலிய பரிசோதனைகளுக்காக நோயாளி மீண்டும் ஊசி குத்தப்பட நேரும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.