வீட்டோ பற்றி நீ கேட்டது

பிரஸ்ஸல்ஸ்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தது. மூட்டு அறுவைக்குப் பிறகு தடியில்லாமல் வாசல்வரை நடக்கிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. தங்கச்சி சொல்லும் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. இங்கே மகள், மாப்பிள்ளை, பேரன் எல்லோரும் சுகம். குளிர் குறைந்துவிட்டதால் மாலையில் ஷூமன் ரவுண்டானாப் பக்கம் நடந்துவிட்டு வருகிறேன். தலைவர்கள் கூடும் நாளில் மட்டும் அந்தத் தெருக்களை அடைத்துவிடுவார்கள்.

காலமெல்லாம் குடிமையியல் நடத்தியவன் நீ. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேல் உனக்கு வந்த கோபம் கடிதத்தின் பாதிப் பக்கத்துக்கு நீள்கிறது. “ஒரு நாடு வேண்டாம் என்றால் மற்ற 26 நாடுகளும் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? அந்த வீட்டோவைத் தூக்கி எறிய வேண்டியதுதானே?” என்று கேட்டிருக்கிறாய். உன் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. மறுபாதியில்தான் உன்னோடு எனக்கு வழக்கு.

வர்த்தகம் என்று வந்தால் இவர்கள் ஒரே ஆள். 27 நாடுகளுக்கும் சேர்த்து, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் பேசும். 55 சதவீத நாடுகள் சம்மதித்து, அவற்றின் மக்கள்தொகை மொத்தத்தில் 65 சதவீதம் இருந்தால் போதும், முடிவு செல்லும். மனித உரிமை உடன்படிக்கைகளை நிறைவேற்றுவதில் குறை இருப்பதாகச் சொல்லி இலங்கைக்கான ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையை 2010-இல் நிறுத்தியதும், 2017-இல் திருப்பிக் கொடுத்ததும் வர்த்தகத்தின் வழியாகத்தான். அந்தக் கை எவ்வளவு நீளம் என்பது இலங்கையின் ஆடைத் தொழிற்சாலைகளுக்குத் தெரியும்.

வெளியுறவு அப்படியில்லை. 1993-இல் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோதே பொது வெளியுறவுக் கொள்கை என்று எழுதி வைத்தாயிற்று. 2009-இல் லிஸ்பன் ஒப்பந்தம் வந்து, வெளியுறவுக்கான உயர் பிரதிநிதியின் பதவியை வலுவாக்கி, அவருக்குக் கீழே தனியாக ஒரு வெளியுறவுச் சேவையும் உருவாக வழி செய்தது. இப்போது அந்தப் பதவியில் இருப்பவர் எஸ்தோனியாவின் முன்னாள் பிரதமர் காயா கல்லாஸ். ஆனால் முக்கியமான எதற்கும் 27 நாடுகளும் சம்மதிக்க வேண்டும்.

வேலை நடப்பது பெரும்பாலும் தூதர்களின் அறையில். அரசியல் பாதுகாப்புக் குழு என்று ஒன்று, வழக்கமாக வாரம் இரண்டு முறை கூடும். அறிக்கையின் வரைவைத் தலைநகரங்களுக்கு அனுப்பி, இத்தனை மணிக்குள் யாரும் மறுக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கொள்வார்கள். ஒரே ஒரு நாடு அந்த மௌனத்தை உடைத்தால் போதும், மறுபடி உட்கார்ந்து சொல் சொல்லாக அடித்துத் திருத்துவார்கள். கண்டனம் கவலையாகிவிடும். அல்லது அறிக்கையே வராது. 2017 ஜூனில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் சீனாவைப் பற்றி ஒன்றியம் பேச இருந்ததை கிரேக்கம் தடுத்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்தில் பெரும்பங்கு சீனாவின் காஸ்கோ நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது சைப்ரஸ். 2020 ஆகஸ்டில் பெலாரஸில் தேர்தல் நடந்து, அதிபர் லுகஷென்கோவின் போலீஸ் தெருவில் ஜனங்களை அடித்தது. செப்டம்பர் 21-ஆம் தேதி எதிர்க்கட்சித் தலைவி ஸ்வெத்லானா திகானோவ்ஸ்கயா இந்த ஊருக்கு வந்து, ஒன்றியத்தின் வெளியுறவு அமைச்சர்களை நேரில் சந்தித்தார். ஆனால் அன்று பொருளாதாரத் தடை நிறைவேறவில்லை. தங்கள் கடலில் எரிவாயு தேடும் துருக்கி மீதும் நடவடிக்கை எடுக்காமல் இதற்குச் சம்மதிக்க மாட்டோம் என்றது சைப்ரஸ். பெலாரஸோடு அதற்கு எந்தத் தகராறும் கிடையாது. அக்டோபர் 1-ஆம் தேதி கூடிய தலைவர்கள் நள்ளிரவு தாண்டியும் பேசி, துருக்கிக்குக் கடுமையான எச்சரிக்கையை எழுதிக் கொடுத்த பிறகுதான் சைப்ரஸ் இறங்கி வந்தது. அதற்குள் பெலாரஸ் தலைநகர் மின்ஸ்கின் சிறைகளில் எத்தனை பேர் அடிபட்டார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

ஆனால் இதே சைப்ரஸ் 2008-இல் என்ன செய்தது தெரியுமா? கொசோவோவுக்கு ஒன்றியத்தின் சட்டம் ஒழுங்குப் பணிக்குழுவை அனுப்பும் தீர்மானம் வந்தது. 1974 முதல் தன் வடபகுதியில் துருக்கிப் படை வந்து உட்கார்ந்திருக்கும் நாடு, செர்பியாவிலிருந்து ஒருதலைப்பட்சமாகப் பிரியவிருந்த கொசோவோவை எப்படி ஒப்புக்கொள்ளும்? அது உண்மையாகவே உயிரைத் தொடும் விஷயம். ஆனாலும் அன்று தடுக்கவில்லை. நாங்கள் சேரமாட்டோம், நீங்கள் போங்கள் என்று ஒதுங்கி நின்றது. அதற்கு ஒப்பந்தத்திலேயே இடம் இருக்கிறது. உக்ரைனுக்கு ஆயுதப் பணம் கொடுத்தபோது ஆஸ்திரியா, அயர்லாந்து, மால்டா மூன்றும் இப்படித்தான் ஒதுங்கி நின்றன.

ஆகவே வீட்டோ இருப்பது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அதை அடகு வைத்து வேறொன்றை வாங்குவதுதான் என்னைச் சுடுகிறது. 2023 டிசம்பரில் உக்ரைனைச் சேர்க்கும் பேச்சைத் தொடங்கலாமா என்ற முடிவு வந்தபோது ஹங்கேரிப் பிரதமர் ஓர்பான் அறையை விட்டு வெளியே போனார், மீதி 26 பேர் முடிவெடுத்தார்கள். அதற்கு முந்தின நாள்தான், ஹங்கேரிக்கு முடக்கி வைத்திருந்த நிதியில் சுமார் 1,000 கோடி யூரோவுக்கு ஆணையம் வழி திறந்திருந்தது. அன்றிரவே உக்ரைனுக்கான 5,000 கோடி யூரோ உதவியை ஓர்பான் தடுத்தார். பிப்ரவரி 1-ஆம் தேதிதான் விட்டுக்கொடுத்தார். ரஷ்யா மீதான தடைகளை 6 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருப்பதால் இந்தப் பேரத்துக்கான வாய்ப்பு திரும்பத் திரும்ப வருகிறது.

தூக்கி எறி என்கிறாயே, அதையும் யோசி. சைப்ரஸின் குடியரசுப் பகுதியில் 10 லட்சம் பேர்கூட இல்லை, ஜெர்மனியில் 8 கோடிக்கு மேல். மக்கள்தொகையை எண்ணி வெளியுறவை முடிவு செய்தால் சைப்ரஸ் தலைநகர் நிகோசியாவின் குரலை யார் கேட்பார்கள்? காஸா பற்றி 2023 அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபையில் நடந்த வாக்கெடுப்பில் ஒன்றியத்தின் 8 உறுப்பு நாடுகள் ஆதரித்தன, 4 எதிர்த்தன, 15 வாக்களிக்கவில்லை. எந்த விதியை மாற்றியிருந்தாலும் அன்று இவர்களுக்கு ஒரே மனசு வந்திருக்காது.

படை அனுப்புவதற்கு ஒருமித்த சம்மதம் இருக்கட்டும். தடைகளுக்கும் மனித உரிமை அறிக்கைகளுக்கும் பெரும்பான்மை போதும் என்பது என் கட்சி. 2023 மே மாதம் ஜெர்மனி, பிரான்ஸ் உட்பட 9 நாடுகள் வெளியுறவில் பெரும்பான்மை வாக்குக்கு இன்னும் இடம் கொடுக்க வேண்டும் என்று சேர்ந்து சொன்னபோது, லக்ஸம்பர்க், ஸ்லோவேனியா போன்ற சின்ன நாடுகளும் கூட நின்றன. அப்படி மாற ஒப்பந்தத்திலேயே வழி இருக்கிறது. ஆனால் அந்த மாற்றத்துக்கும் 27 நாடுகளும் சம்மதிக்க வேண்டும். அதனால்தான் ஒன்றும் நகரவில்லை.

2020 செப்டம்பரில் நிகோசியாவில் நீ வெளியுறவு அமைச்சராக இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? அடுத்த கடிதத்தில் எழுது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், மீதிச் சண்டையை உன் வீட்டுத் திண்ணையில் போடலாம். வரும்போது பேரனையும் கூட்டி வருகிறேன், அவனுக்கு உன் தோட்டத்தைக் காட்டு.

உன் அன்பு நண்பன்,
கதிரேசன்